ஏர்பேக் லைட் அணையவில்லையா? மின்கோளாறைத் தேடிப் பிடிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேஷ்போர்டில் ஏர்பேக் லைட் எரிந்தால் பலர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. மற்றவர்கள் யாரோ சொன்னதைக் கேட்டு விலை கூடிய பாகம் ஒன்றை மாற்றிவிட்டு, லைட் அப்படியே எரிவதைப் பார்த்து நொந்துபோகிறார்கள். நான் பார்த்தவரை கோளாறு பெரும்பாலும் ஏர்பேக்கில் இருப்பதில்லை. அதற்குப் போகும் வயரிலோ, வயர்கள் சேரும் கனெக்டரிலோதான் இருக்கிறது. அதைத் தேடும்போது வரும் கேள்விகளுக்குக் கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் லைட் எரிகிறது. அதுவே கோளாறா?

இல்லை, எரியத்தான் வேண்டும். இக்னிஷன் ஆன் ஆனதும் ஏர்பேக் கண்ட்ரோல் யூனிட் தன்னையும் தன்னோடு இணைந்த எல்லா வயர்களையும் ஒருமுறை சோதித்துப் பார்க்கிறது. பல கார்களில் இதற்கு 6 செகண்ட் போல ஆகும். சோதனை முடிந்ததும் லைட் அணைந்துவிட வேண்டும். அணையாமல் நின்றாலோ, அணைந்து சிறிது நேரம் கழித்து மறுபடி எரிந்தாலோ, விட்டுவிட்டு மின்னினாலோ கோளாறு பதிவாகியிருக்கிறது.

லைட் ஒருதடவைகூட எரியவே இல்லை என்றால் அதுதான் இன்னும் சந்தேகத்துக்குரியது. பல்பு போயிருக்கலாம். அல்லது பழைய காரை விற்றவர் பல்பைக் கழற்றியிருக்கலாம். ஆயில் லைட் வயரோடு சேர்த்து முடிச்சுப் போட்டு, இரண்டும் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணையும்படி செய்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். பழைய கார் வாங்கும்போது இந்த ஒரு லைட்டைத் தனியாகக் கவனியுங்கள். மற்ற லைட்டுகளோடு அச்சு அசலாக ஒரே நொடியில் அணைந்தால், யூனிட்டில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனர் போட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

லைட் எரிந்துகொண்டிருந்தால் விபத்தில் ஏர்பேக் விரியுமா?

நம்ப முடியாது. சில கார்களில் கோளாறான ஒரு சர்க்யூட் மட்டும் செயலிழக்கும், மற்றவை வேலை செய்யும். சிலவற்றில் யூனிட் மொத்த அமைப்பையும் நிறுத்தி வைத்துவிடும். உங்கள் கார் எந்த வகை என்று தெரியாதவரை ஏர்பேக் இல்லாத காராகவே எண்ணி ஓட்டுங்கள். சீட் பெல்ட்டை இறுக்கும் ப்ரீடென்ஷனரும் இதே யூனிட்டின் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அப்படியானால் ஓட்டும்போது தானாக வெடித்துவிடுமா?

லைட் எரிவதால் மட்டும் அப்படி நடக்காது. ஏர்பேக்குக்குப் போகும் இரண்டு வயர்களையும் யூனிட் தனித்தனி ஸ்விட்சுகளால் கட்டுப்படுத்துகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் ஆன் ஆனால்தான் மின்சாரம் ஓடும். அதற்கும் மேல், மோதல் நிஜம்தானா என்று உறுதிசெய்யத் தனியாக ஒரு சென்சாரும் இருக்கும். ஆபத்து ஓட்டும்போது வருவதைவிட, கற்றுக்குட்டி ஒருவர் டெஸ்ட் லேம்ப்போடு (வயரில் மின்சாரம் வருகிறதா என்று பார்க்கும் பல்பு) உள்ளே கைவைக்கும்போதுதான் அதிகம் வருகிறது.

சின்ன லூஸ் கான்டாக்ட்டுக்கே ஏன் லைட் எரிகிறது? ஹெட்லைட் அப்படிச் செய்வதில்லையே?

இந்தக் கேள்விக்கான பதில் புரிந்தால் மீதி எல்லாம் எளிது. ஏர்பேக்கின் உள்ளே ஸ்க்விப் என்ற சிறிய தீமூட்டி இருக்கிறது. அதற்குள் முடியைவிட மெல்லிய ஒரு கம்பி. அதன் ரெசிஸ்டன்ஸ் சுமார் 2 ஓம். மோதலின்போது யூனிட் அதில் மின்சாரத்தைப் பாய்ச்சும். கம்பி சூடாகி மருந்தைப் பற்றவைக்க, வாயு கிளம்பிப் பை விரியும். பரவலாகப் பயன்படும் வகைகளில் 1.2 ஆம்பியர் மின்சாரம் 2 மில்லி செகண்ட் ஓடினால் வெடித்தே தீர வேண்டும். 0.4 ஆம்பியர் 10 செகண்ட் ஓடினாலும் வெடிக்கக் கூடாது. முன்பக்க மோதலில் விரிய வேண்டுமா வேண்டாமா என்ற முடிவையே சுமார் 15 முதல் 30 மில்லி செகண்டுக்குள் எடுத்தாக வேண்டும். இரண்டாவது முயற்சிக்கு நேரமே கிடையாது.

அதனால் யூனிட் ஓயாமல் மிகச் சிறிய மின்சாரத்தை அனுப்பி, அந்த 2 ஓம் அப்படியே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஹெட்லைட் வயரில் ஒரு ஓம் கூடினால் வெளிச்சம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். இங்கே 2 ஓம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓம் கூடுவது பாதிக்குப் பாதி மாற்றம். கனெக்டர் பின்னில் லேசாகப் பச்சை பூத்திருந்தாலே அந்த அளவு கூடிவிடும். கண்ணுக்கு எல்லாம் நன்றாகத்தான் தெரியும்.

மலிவான ஓபிடி ஸ்கேனர் என்னிடம் இருக்கிறது. போதுமா?

பெரும்பாலும் போதாது. அவை இன்ஜின் தொடர்பான 'பி' (P) வரிசைக் கோடுகளை, அதாவது கோளாறைக் குறிக்கும் குறியீடுகளை மட்டும் படிக்கும். ஏர்பேக் கோடுகள் பாடி வரிசையில் வரும். ஆங்கில எழுத்தான 'பீ'யில் (B) தொடங்கும், யூனிட்டுகளுக்கு இடையிலான தொடர்புக் கோளாறானால் 'யு' (U) வரிசையில் வரும். கருவியில் எஸ்ஆர்எஸ் அல்லது ஏர்பேக் என்று தனிப் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். "கோளாறு எதுவும் இல்லை" என்று இன்ஜின் ஸ்கேனர் காட்டுவதை நம்பி ஏமாந்தவர்கள் நிறைய.

கோடு வந்துவிட்டது. அதில் சொன்ன பாகத்தை மாற்றிவிட வேண்டியதுதானே?

இங்கேதான் பணம் வீணாகிறது. "டிரைவர் ஏர்பேக், முதல் நிலை, ரெசிஸ்டன்ஸ் அதிகம்" என்று கோடு சொன்னால், யூனிட்டில் தொடங்கி ஏர்பேக் வரை போய்த் திரும்பும் முழு வட்டத்தையும் அது குறிக்கிறது. அந்த வட்டத்தில் ஏர்பேக் ஒரு பங்கு, அவ்வளவே.

கோட்டின் கடைசியில் ஒட்டியிருக்கும் இரண்டு எழுத்துகளைக் கவனியுங்கள், விஷயம் அங்கேதான் இருக்கிறது. 11 என்றால் எர்த்தோடு ஷார்ட். 12 என்றால் பேட்டரி பாசிட்டிவோடு ஷார்ட். 13 என்றால் வயர் எங்கோ துண்டித்திருக்கிறது. 1ஏ என்றால் ரெசிஸ்டன்ஸ் இருக்க வேண்டியதைவிடக் குறைவு, 1பி (1B) என்றால் அதிகம். எல்லாத் தயாரிப்பாளர்களும் இந்த முறையைப் பின்பற்றுவதில்லை. ஆனால் அந்த ஐந்து வகைகளில் ஒன்றைத்தான் ஏதோ ஒரு பெயரில் சொல்வார்கள்.

13-ம் 1பி-யும் வந்தால் கனெக்டரையும் கிளாக் ஸ்பிரிங்கையும் (ஸ்டீயரிங்குக்கு அடியில் சுருண்டிருக்கும் நாடா வயர்) சந்தேகப்படுங்கள். 11 வந்தால் வயர் எங்கோ உரசி காரின் உலோக உடம்பைத் தொடுகிறது. புதிதாக ஸ்டீரியோ, சீட், ஹாரன் என்று ஏதாவது மாட்டினீர்களா என்று யோசியுங்கள். ஸ்க்ரூ ஒன்று வயரைக் குத்தியிருக்க வாய்ப்பு அதிகம்.

வேலை தொடங்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, அது தவறிப்போய்த் தொடாதபடி ஒதுக்கி வையுங்கள். அப்புறம் காத்திருங்கள். விபத்தில் பேட்டரி நசுங்கினாலும் ஏர்பேக் விரிய வேண்டும் என்பதற்காக யூனிட்டுக்குள் கெபாசிட்டர்களில் மின்சாரம் சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அது வடிய வேண்டும். சில தயாரிப்பாளர்கள் 90 செகண்ட் என்கிறார்கள், சிலர் 3 நிமிடம், சிலர் 10 நிமிடம். உங்கள் காரின் கையேட்டில் உள்ளதைப் பின்பற்றுங்கள். கையேடு கையில் இல்லை என்றால் 10 நிமிடம் பொறுப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

ரேடியோ கோடு அழியக்கூடாது என்று சிலர் சிறிய பேட்டரியை மெமரிக்காகச் செருகி வைப்பார்கள். ஏர்பேக் வேலையில் அதைச் செய்யவே கூடாது. பேட்டரியைக் கழற்றிய பயனே அதில் போய்விடும்.

ஏர்பேக்கைக் கையில் எடுக்கும்முன் காரின் வெற்று உலோகத்தைத் தொட்டு உடலில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிடுங்கள். தூக்கும்போது மூடிப் பக்கம் உங்கள் உடம்பைப் பார்க்காமல் வெளியே பார்க்கட்டும். மேசையில் வைக்கும்போது மூடி மேலே. கவிழ்த்து வைத்தால், தப்பித்தவறி வெடிக்கும்போது அந்த உலோகப் பெட்டியே மேலே பறக்கும்.

மல்டிமீட்டரை ஓமில் வைத்து ஏர்பேக்கை நேராக அளக்கலாமா?

கூடாது. ஓம் அளக்க மீட்டர் தானே ஒரு மின்சாரத்தை அனுப்புகிறது. நல்ல டிஜிட்டல் மீட்டரில் அது மிகக் குறைவுதான், சில பழைய முள் மீட்டர்களில் 100 மில்லி ஆம்பியரைத் தாண்டும். எந்த மீட்டர் எவ்வளவு அனுப்பும் என்று யோசித்துக்கொண்டு நிற்கும் இடமா இது? டெஸ்ட் லேம்ப் இன்னும் மோசம். 12 வோல்ட்டில் 21 வாட் பல்பு ஒன்றின் வழியே 1.75 ஆம்பியர் ஓடும், மேலே சொன்ன 1.2-ஐவிட அதிகம். வெடிக்க வைக்க அது போதும்.

அப்புறம் எப்படித்தான் சோதிப்பது?

ஏர்பேக்குக்குப் பதிலாகப் போலி ஒன்றை மாட்டி. 2 ஓம் அல்லது கையேடு சொல்லும் மதிப்புள்ள ரெசிஸ்டரைச் சரியான கனெக்டர் முனையில் பொருத்தி வைத்துக்கொள்வது. சிமுலேட்டர் என்று தயாராகவே விற்கிறார்கள். கனெக்டருக்குள் கம்பியைத் திணித்துத் தற்காலிகமாக மாட்டாதீர்கள். பின்னின் வாய் அகன்று, இல்லாத கோளாறு ஒன்றை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள்.

டிரைவர் ஏர்பேக்கில் "ரெசிஸ்டன்ஸ் அதிகம்" என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். பேட்டரியைக் கழற்றிக் காத்திருந்து, ஸ்டீயரிங்கிலிருந்து ஏர்பேக்கை எடுத்து ஓரமாக வைக்கிறோம். அதன் வயர் முனையில் போலியை மாட்டுகிறோம். பேட்டரியை இணைத்து ஸ்கேனரில் பார்க்கிறோம். கோடு இப்போது செயலில் இல்லை, பழைய பதிவாக மட்டும் நிற்கிறது என்றால் தவறு ஏர்பேக்கிலோ அது மாட்டும் முனையிலோ இருக்கிறது. கோடு அசையவில்லை என்றால் மறுபடி பேட்டரியைக் கழற்றிக் காத்திருந்து, போலியைக் கிளாக் ஸ்பிரிங்குக்குக் கீழே, ஸ்டீயரிங் தண்டின் அடியில் உள்ள கனெக்டரில் மாட்டுகிறோம். இப்போது கோடு போனால் கிளாக் ஸ்பிரிங். போகவில்லை என்றால் அங்கிருந்து யூனிட் வரை ஓடும் வயர் அல்லது யூனிட்டின் கனெக்டர். இரண்டு மாட்டலில் இடம் தெரிந்துவிடும், புதிய பாகம் எதுவும் வாங்காமலே.

இரண்டு நிலை ஏர்பேக்கில் இரண்டு ஸ்க்விப்புகள், இரண்டு கனெக்டர்கள் இருக்கும். ஒரு போலி போதாது. ஒன்றை மட்டும் மாட்டிவிட்டு "இன்னும் கோடு வருகிறதே" என்று குழம்பவேண்டாம்.

கனெக்டரைக் கழற்றி வயரைச் சோதித்தால் இரண்டு வயரும் ஷார்ட் என்று காட்டுகிறது. வயரிங் போச்சா?

அநேகமாக இல்லை. ஏர்பேக் வயரின் மஞ்சள் கனெக்டருக்குள் ஒரு சிறிய உலோகத் தகடு ஸ்பிரிங் போல இருக்கும். ஷார்ட்டிங் பார் என்று பெயர். கனெக்டரைப் பிரித்த உடனே அது இரண்டு பின்களையும் ஒன்றோடொன்று சேர்த்துவிடும், நிலைமின்சாரம் ஸ்க்விப்பை எட்டாதபடி. மாட்டியதும் எதிர்ப்பக்கத்து பிளாஸ்டிக் நாக்கு அதைத் தள்ளி விலக்கும். யூனிட்டின் பக்கமும் வயரிங் கனெக்டரில் இதே தகடுகள் உண்டு. எனவே கழற்றிய வயரை மீட்டரில் பார்த்தால் ஷார்ட் காட்டுவதுதான் இயல்பு. தகட்டைத் தள்ளிப் பிடிக்க மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் செருகியபின் அளந்தால்தான் உண்மை தெரியும். இது தெரியாமல் முழு வயரிங்கையும் மாற்றச் சொன்னவர்கள் உண்டு.

இதன் மறுபக்கமும் உண்டு. அந்தத் தகடு வளைந்து சரியாக விலகாமல் நின்றால், எல்லாம் மாட்டியபின்னும் "ரெசிஸ்டன்ஸ் குறைவு" என்று கோடு வரும்.

சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தினால் லைட் வருகிறது. எங்கே பார்ப்பது?

சீட்டுக்கு அடியில் உள்ள மஞ்சள் கனெக்டரை. சைடு ஏர்பேக், பெல்ட் பக்கிள், சில கார்களில் ப்ரீடென்ஷனர் எல்லாம் அதன் வழியாகத்தான் போகின்றன. சீட்டோடு சேர்ந்து இழுபடும், தூசி படியும், வாக்குவம் குழாய் இடிக்கும், பின்னால் உட்கார்ந்தவர் காலால் உதைப்பார், தண்ணீர் பாட்டில் உருண்டு போய் மாட்டும்.

ஒரு காரில் சைடு ஏர்பேக்கே மாற்றப்பட்டு, அதன்பிறகும் லைட் அணையாமல் என்னிடம் வந்தது. கனெக்டரின் மஞ்சள் உறை பளிச்சென்று புதிதுபோல் இருந்தது. பூட்டும் கிளிக்கும் சரியாக விழுந்தது. பிரித்து லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஒரு பின் மட்டும் மற்றதைவிட ஒரு மில்லிமீட்டர் உள்ளே போயிருந்தது. பின்னைப் பிடித்திருக்கும் சின்ன பிளாஸ்டிக் நாக்கு உடைந்ததால், மாட்டும் ஒவ்வொரு முறையும் அது பின்வாங்கிக்கொண்டிருந்தது. சீட் அசையும்போது தொட்டும் தொடாமலும் நிற்கும். ஏர்பேக்குக்கு ஒரு குறையும் இல்லை, மாற்றியவருக்குப் பணம்தான் போனது.

கனெக்டரைப் பிரிக்கும் முன் பேட்டரி கழற்ற வேண்டும் என்பது இங்கேயும் பொருந்தும். காரைச் சுத்தம் செய்ய சீட்டைக் கழற்றிவிட்டு, கனெக்டர் தொங்கும்போதே இக்னிஷனைப் போட்டுவிட்டால் கோடு பதிவாகிவிடும். திரும்ப மாட்டினாலும் பல கார்களில் ஸ்கேனர் இல்லாமல் லைட் அணையாது.

ஹாரனும் வேலை செய்யவில்லை, ஏர்பேக் லைட்டும் எரிகிறது. சம்பந்தம் உண்டா?

நிச்சயம் உண்டு. சுழலும் ஸ்டீயரிங்குக்கும் நிலையான தண்டுக்கும் நடுவில் கிளாக் ஸ்பிரிங் இருக்கிறது. நாடாபோன்ற தட்டை வயர் கடிகார ஸ்பிரிங் மாதிரி சுற்றியிருக்கும். ஏர்பேக், ஹாரன், ஆடியோ பட்டன்கள், க்ரூஸ் கண்ட்ரோல் எல்லாம் அதே நாடாவில்தான். பல ஆண்டுகள் சுருண்டு விரிந்து நாடா ஒரு மடிப்பில் விரிசல் விடும். ஸ்கேனரில் ஸ்க்விப் ரெசிஸ்டன்ஸை நேரடியாகக் காட்டும் வசதி இருந்தால், அதைப் பார்த்தபடி ஸ்டீயரிங்கை ஒரு கடைசியிலிருந்து மறு கடைசிவரை மெதுவாகத் திருப்புங்கள். 2.2 என்று அசையாமல் நிற்கும் எண் ஏதோ ஒரு கோணத்தில் மட்டும் துள்ளினால் வேறு சோதனையே தேவையில்லை.

புதியதை மாட்டும்போது சக்கரங்கள் நேராக இருக்க வேண்டும், கிளாக் ஸ்பிரிங் நடுநிலையில் இருக்க வேண்டும். நடுநிலை தவறினால் முதல் முழுத் திருப்பத்திலேயே புது நாடா அறுந்துவிடும். அதன் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரோ பூட்டோ இதற்காகத்தான், மாட்டும்வரை எடுக்காதீர்கள்.

லைட் சில நாள் வரும், சில நாள் வராது. எதில் தொடங்குவது?

முதலில் பேட்டரி. சோர்ந்த பேட்டரியில் ஸ்டார்ட் செய்யும்போது வோல்டேஜ் தடாலென்று இறங்கும். யூனிட் அதைக் குறைவோல்டேஜ் கோளாறாகப் பதிவு செய்யும். ஜம்ப் ஸ்டார்ட் செய்த மறுநாள் லைட் எரிகிறது என்றால் இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். அதன்பிறகு எர்த் போல்ட்டுகள், யூனிட்டின் பொருத்தும் போல்ட்டுகள்.

வயரை ஆட்டி ஆட்டிச் சோதிக்கும் முறை இங்கே பயன்படும்தான். ஆனால் எல்லா ஏர்பேக், ப்ரீடென்ஷனர்களுக்கும் பதிலாகப் போலிகள் மாட்டிய பிறகு மட்டும்.

பக்கத்து சீட்டில் ஆள் இருந்தும் ஏர்பேக் ஆஃப் லைட் எரிகிறதே?

அது வேறு சர்க்யூட். சீட்டில் ஆள் இருக்கிறாரா, எவ்வளவு எடை என்று பார்க்கும் சென்சார் சீட்டுக்குள் இருக்கிறது. தடித்த சீட் கவர், சிந்திய தண்ணீர், சீட்டைக் கழற்றி மாட்டியது எல்லாம் அதைக் குழப்பும். மாட்டியபின் காலி சீட்டை வைத்து ஸ்கேனரில் பூஜ்ஜியம் செட் செய்ய வேண்டிய கார்கள் பல.

மோதல் சென்சாரையும் இப்படியே அளக்கலாமா?

பயனில்லை. இன்றைய சென்சார்கள் வெறும் ஸ்விட்ச் அல்ல, உள்ளே சிப் வைத்து யூனிட்டோடு டிஜிட்டலாகப் பேசுகின்றன. ஓமில் வரும் எண்ணுக்கு அர்த்தம் இல்லை. வயர் அறுபட்டிருக்கிறதா, கனெக்டரில் தண்ணீர் ஏறியிருக்கிறதா, போல்ட் துரு இல்லாமல் சொன்ன அளவு இறுக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். முன் பம்பர் வேலை நடந்த கார் என்றால் முதலில் அங்கேதான்.

அறுந்த வயரை முறுக்கி டேப் சுற்றலாமா?

ஏர்பேக் வயரில் கூடாது. சில தயாரிப்பாளர்கள் ஒட்டுப் போடவே அனுமதிப்பதில்லை, அந்தப் பகுதி வயரிங்கை மாற்றச் சொல்கிறார்கள். அனுமதிக்கும் இடத்தில் அவர்கள் சொல்லும் கிரிம்ப் முறையும் ஒட்டுப் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயும்தான். இரண்டு வயர்கள் ஒன்றோடொன்று முறுக்கி வந்திருந்தால், ஒட்டியபின்னும் முறுக்கு அப்படியே இருக்க வேண்டும். வெளி மின்காந்தத் தொந்தரவு உள்ளே வராமல் இருக்கத்தான் அந்த முறுக்கு.

கண்ட்ரோல் யூனிட்டை எப்போது மாற்ற வேண்டும்?

தண்ணீரில் மூழ்கிய காரில் யோசிக்கவே வேண்டாம், மாற்றுங்கள். யூனிட் பெரும்பாலும் நடு கன்சோலுக்கு அடியில் தரையோடு இருக்கும், நீர் முதலில் அங்கேதான் தேங்கும். ஏர்பேக் விரிந்த விபத்துக்குப் பிறகும் மோதல் பதிவு அதில் அழியாமல் பூட்டிக்கொள்ளும், பொதுவாகப் புதியதையே போடச் சொல்வார்கள். புதிய யூனிட்டை அந்தக் காருக்கான விவரங்களோடு கோடிங் செய்ய வேண்டும். வேறு காரில் இருந்து கழற்றியதை அப்படியே மாட்டினால் வேலை ஆகாது. மற்ற நேரங்களில் யூனிட்தான் கெட்டது என்ற முடிவுக்குக் கடைசியாகவே வாருங்கள்.

ரெசிஸ்டரை நிரந்தரமாக வைத்து லைட்டை அணைத்துவிட்டால் என்ன?

அணையும். யூனிட் ஏர்பேக் இருக்கிறது என்று நம்பும். மோதலில் 2 ஓம் ரெசிஸ்டர் சூடாகும், பை விரியாது. அடுத்து அந்தக் காரை வாங்குபவருக்கு அது தெரியாது. இதைச் செய்யச் சொல்லி வருபவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

லைட் ஒழுங்காக அணைகிறது. அப்படியானால் ஏர்பேக் முழுக்க நல்லதுதானே?

மின்சுற்று நல்லது, அவ்வளவுதான் லைட் சொல்லும். வாயு உண்டாக்கும் மருந்தின் நிலை அதற்குத் தெரியாது. தகாட்டா நிறுவனத்தின் இன்ஃப்ளேட்டர்கள் (பைக்கு வாயு தரும் பாகம்) இதற்குச் சாட்சி. அம்மோனியம் நைட்ரேட் மருந்து வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் ஆண்டுக்கணக்கில் கெட்டு, விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்தது. 2008-ல் தொடங்கிய திரும்பப் பெறுதலில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி ஏர்பேக்குகள் சேர்ந்தன. அந்தக் கார்களில் ஏர்பேக் லைட் ஒழுங்காகவே அணைந்துகொண்டிருந்தது. உங்கள் காரின் சேஸிஸ் எண்ணைக் கொண்டு திரும்பப் பெறுதல் பட்டியலில் அது இருக்கிறதா என்று தயாரிப்பாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

வேலை முடிந்து பேட்டரியை மாட்டும்போது ஏதாவது கவனிக்க வேண்டுமா?

காருக்குள் யாரும் உட்காரக் கூடாது. மஞ்சள் கனெக்டர்கள் இரண்டாவது பூட்டுவரை அழுந்தியிருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, இக்னிஷன் ஆஃபில் இருக்கும்போதே பேட்டரியை மாட்டுங்கள். பிறகு கதவுக்கு வெளியே நின்று, ஏர்பேக்கின் எதிரே முகம் வராதபடி கையை மட்டும் நீட்டிச் சாவியைத் திருப்புங்கள். லைட் 6 செகண்ட் எரிந்து அணைகிறதா என்று பார்த்து, கோடுகளை அழித்து, காரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். பழைய பதிவு திரும்ப வரவில்லை என்றால் கன்சோல் மூடியை மாட்டலாம்.